பாலம் வரைக்கும் போதும்

எங்கள் வீட்டில் சார்ஜருக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதன் கால் ஆடும். ஜன்னல் பக்கம் இருப்பதில் உட்காருங்கள். காபி இப்போதுதான் போட்டது. பெட்டியை மேஜை மேலேயே வைக்கலாம். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. திருகாணிகளைத் தனியாக ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்து வந்திருக்கிறீர்களே, அதைப் பார்த்ததுமே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது. எங்கள் கடையில் பாதிப் பேர் திருகாணியை மேஜையில் சிதறவிட்டு, பிறகு தரையில் தவழ்ந்து தேடுவார்கள்.

சக்கர நாற்காலி மையத்திலிருந்து யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வந்தவர் ஒரு பெண், அதுவும் இன்ஜினியர் என்பதில் சந்தோஷம். பாதி விஷயத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மீதிப் பாதியைச் சொல்கிறேன். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம், எனக்கு ஒன்றுமில்லை.

நான் லேப்டாப் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் மெத்தைக் கடைக்கு வண்டி ஓட்டுகிறார். என் தங்கை ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். இருந்தாள். சிறு வயதிலிருந்தே அவளுக்குக் கால்களில் பலமில்லை. அம்மா வேலைக்குப் போய்விடுவாள். தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கும் கடைக்கும் திரிந்தது நான்தான். இப்போதும் என் இடது தோள் வலதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். தையல்காரம்மா ஒவ்வொரு முறை அளவெடுக்கும்போதும் அதைச் சொல்லாமல் விடமாட்டார். எனக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு.

நாற்காலியோடு உங்கள் மையம் கொடுத்த சார்ஜர் செங்கல் மாதிரி இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அது ஒரு நாள் லேசாகப் புகைந்து ஓய்ந்தது. வேறு ஒன்று வர மாதக்கணக்காகும் என்றார்கள். குற்றமாகச் சொல்லவில்லை, எல்லா இடத்திலும் அப்படித்தான். ஆனால் அதுவரை அவள் என்ன செய்வாள்? வீட்டில் சுற்றிப் பார்த்தேன். என் லேப்டாப்புக்கு ஒன்று, வீட்டுக்காரர் போனுக்கு ஒன்று, அவள் போனுக்கு ஒன்று, கடையில் யாரும் வாங்கிப் போகாமல் கிடந்தவை சில. எல்லாமே டைப்-சி. ஒன்றே ஒன்றால் அவ்வளவு பெரிய பேட்டரியை நிரப்ப முடியாது. எறும்பு யானைக்குச் சோறூட்டுகிற கதைதான். எல்லாவற்றையும் சேர்த்தால்?

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இரண்டு சார்ஜர்களை நேரடியாகச் சேர்த்துவிட்டேன். இவ்வளவு வருடம் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு அதைச் செய்திருக்கக் கூடாது. வோல்டேஜ் கொஞ்சம் கூடுதலாக இருக்கிற சார்ஜர் மொத்தச் சுமையையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. அது போதாதென்று பக்கத்துச் சார்ஜருக்குள்ளும் மின்சாரத்தைத் தள்ளியது. இரண்டும் தொட முடியாத அளவுக்குக் கொதித்து, ஒன்று அன்றே போய்விட்டது. அதன் பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்தேன். சார்ஜர் செருகுகிற ஒவ்வொரு வாசலுக்கும் தனியாக ஒரு சின்னச் சர்க்யூட். அது தன் சார்ஜரிடம் மட்டும் பேசும். உங்களுக்குத்தான் தெரியுமே, இந்த வகைச் சார்ஜர் மரியாதை தெரிந்தது, கேட்காமல் எதையும் கொட்டாது. என்னிடம் இவ்வளவு இருக்கிறது, உனக்கு எவ்வளவு வேண்டும் என்று முதலில் விசாரிக்கும். அவரவரால் முடிந்ததை வாங்கி, பேட்டரிக்கு ஏற்ற வோல்டேஜுக்கு மாற்றி, ஒருவழிக் கதவு வைத்து உள்ளே அனுப்ப வேண்டும். யாரும் யாரிடமிருந்தும் உறிஞ்சக் கூடாது. எல்லாரும் ஒரே இடத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரு நல்ல குடும்பம் இப்படித்தானே இருக்க வேண்டும் என்று சால்டர் வைக்கும்போது நினைத்துக்கொண்டேன். எனக்குப் பாட்டே வந்துவிட்டது.

ஆறு வாசல் வைத்தேன். தங்கை பார்த்ததும் அதற்கு ஆறுமுகம் என்று பெயர் வைத்துவிட்டாள்.

அதன் பிறகு வீட்டில் ஒரு பழக்கமே உண்டாகிவிட்டது. யார் வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர்கள் பையிலிருந்து சார்ஜரை வாங்கி ஆறுமுகத்தில் செருகிவிடுவாள். மாடி வீட்டு டீச்சர், மீட்டர் பார்க்க வந்தவர், என் வீட்டுக்காரரோடு சீட்டாட வருகிறவர்கள், ஒருவரும் தப்பவில்லை. “சும்மா உக்காந்திருக்கீங்கல்ல, ஆறுமுகத்துக்கு ஒரு வாய் குடுங்க” என்பாள். போகும்போது சிலர் சார்ஜரை மறந்துவிட்டுப் போவார்கள். பஞ்சமே கிடையாது என்று சொன்னேனே, இப்படித்தான் சேர்ந்தது. டாக்டர் வீட்டுக்கும் பெட்டியை மடியில் வைத்து எடுத்துப்போவாள். பல்லைப் பிடுங்க வந்தவர்கள் தாடையைப் பிடித்துக்கொண்டே சார்ஜரை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் சில மாதங்கள் அந்தப் பெட்டி எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தது. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவள் ஆற்றைத் தாண்டியது அப்போதுதான். இங்கிருந்து தெரு முனை, சந்தை, பல் டாக்டர் வீடு, அதையும் தாண்டிப் போனால் பழைய பாலம். நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும் போகிற பாலம். பஸ் போகிற பாலம் ஊரைச் சுற்றிக்கொண்டு எங்கேயோ இருக்கிறது, அந்த பஸ்ஸில் நாற்காலி ஏற்றுகிற பலகை பாதி நாள் இறங்காது. பழைய பாலம் நடுவில் நன்றாக உயர்ந்து இறங்கும். நாற்காலிக்கு அந்த ஏற்றம்தான் பெரிய செலவு. அந்தப் பக்கத்தில் கதைப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்கிற ஒரு கூடம் இருக்கிறது. அங்கே வேலை செய்கிற ஒருவர் பல் வலியோடு டாக்டரிடம் வந்தார். வலி போன பிறகும் வந்துகொண்டிருந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்போன் தொங்கும், அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு ஹெட்போன் என்றே பெயர். நல்ல மனிதர். முதல் முறை வீட்டுக்கு வந்தபோது யாரும் கேட்காமலே தன் சார்ஜரை எடுத்து ஆறுமுகத்தில் செருகினார். விஷயம் முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று புரிந்தது. என் தங்கையின் குரல் கதை படிக்கவே அமைந்த குரல், குரல் தேர்வுக்கு வந்தால் கட்டாயம் எடுத்துக்கொள்வார்கள் என்றார். தினமும் போய்வர முடியவேண்டும், அது ஒன்றுதான்.

ஒரு நாள் மழை. நான் தட்டுகளை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வழக்கமாக வருகிற நேரம் போய்விட்டது, போனையும் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர், “வருவா, அவ என்ன கொழந்தையா” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். தலையெல்லாம் நனைந்து வந்தாள். அவ்வளவு சிரிப்பு அவள் முகத்தில். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டப் போனேன். துண்டை என் கையிலிருந்து வாங்கி அவளே துவட்டிக்கொண்டாள்.

“அக்கா, பாலத்து உச்சியிலேர்ந்து பாத்தா நம்ம வீட்டு மாடி தெரியுது, தெரியுமா?” என்றாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிட்டத்தட்ட ஒட்ட வைத்து, “இத்துனூண்டு” என்று காட்டினாள்.

நானும் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். ஆனால் சோற்றைப் பிசையும்போதெல்லாம் அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் இருந்த இடம் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது. நான் இருக்கிற வீடு. நான் கழுவுகிற பாத்திரங்கள், நான், எல்லாம் அதற்குள். கோபம் இல்லை. என்னைப் பற்றி நான் அறிந்தவரை எனக்குக் கோபமே வராது. ஒரு பெரிய சாமானைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டு இறக்கி வைத்தால் கைகள் தாமாக மேலே எழும்பும், பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரி ஒன்று. பாரம் போய்விட்டது, கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

அடுத்த நாள் பெட்டியைத் திறந்தேன். ஒரு வாசல் உண்மையிலேயே சூடாகிக்கொண்டிருந்தது, அதைச் சரிசெய்யத்தான் திறந்தேன். திறந்ததுதான் திறந்தோம் என்று இன்னொன்றும் செய்தேன். பேட்டரி எந்த அளவுக்கு வந்ததும் பெட்டி ‘போதும்’ என்று சொல்ல வேண்டும் என்பது நான் எழுதி வைக்கிற ஓர் எண்தான். அதைக் கொஞ்சம் குறைத்தேன். இந்த வகைப் பேட்டரியை முழுவதும் நிரப்பாமல் கொஞ்சம் முன்பே நிறுத்தினால் நீண்ட நாள் உழைக்கும். இது நான் கண்டுபிடித்த சாக்கு இல்லை. நீங்களே உங்கள் மையத்தில் எல்லாரிடமும் இதைத்தானே சொல்கிறீர்கள்?

கொஞ்ச நாள் கழித்து இன்னும் கொஞ்சம் குறைத்தேன். பேட்டரி அளவைக் காட்டக் கைப்பிடியில் எரிகிற ஐந்து கோடுகள் குறைந்தால் அவள் பயப்படுவாளே என்று, அந்தக் குறைந்த அளவுக்கே ஐந்து கோடும் எரிகிற மாதிரி நாற்காலிக்குள் மாற்றிவைத்தேன். பாதிப் பேட்டரிதான், ஆனால் பச்சைப் பசேல் என்று ஐந்து கோடு. அவள் மனது கஷ்டப்படக் கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருந்தேன்.

கடைசியில் சரியான ஓர் எண்ணுக்கு வந்து சேர்ந்தேன். சந்தைக்குப் போகலாம், டாக்டர் வீட்டுக்குப் போகலாம், சாயங்காலம் ஆற்றங்கரை வரை போய்க் காற்று வாங்கலாம். பாலம் வரைக்கும் போதும். ஒரு பெண்ணுக்கு வேண்டியதெல்லாம் பாலத்துக்கு இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. வேண்டுமென்றால் சுற்றிப் பாருங்கள், சினிமாகூட இருக்கிறது.

அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அவ்வளவு சந்தோஷமான நாட்கள். அவள் பாலத்தைத் தாண்டப் பார்ப்பாள், ஏற்றம் தொடங்குகிற இடத்தில் நாற்காலி நின்றுவிடும், போன் செய்வாள். நான் வீட்டுக்காரரோடு மெத்தை வண்டியில் போவேன். அவளையும் நாற்காலியையும் ஏற்றி, மெத்தைகளுக்கு நடுவில் அவளைச் சாய்த்து உட்கார வைப்போம். “மகாராணி ஏறியாச்சா? பல்லக்கு கிளம்பலாமா?” என்பார் அவர். “மாமா, பள்ளத்துல விடுங்க, மெத்தை டெஸ்ட் பண்ணணும்” என்பாள் அவள். வீடு வரும்வரை மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வருவோம். நான் ஃப்ளாஸ்கில் காபி எடுத்துப்போவேன். ஒரு முறை அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு, “எப்படிக்கா, போன் வெச்ச கையோட வந்து நிக்கறே? காபி வேற சூடா இருக்கு” என்று கேட்டாள். நான் எப்போதும் ஃப்ளாஸ்க் நிரப்பித்தான் வைத்திருப்பேன் என்றேன். அது உண்மைதான். அவள் பாலத்துப் பக்கம் கிளம்புகிற நாட்களில் அவள் தெரு முனையைத் தாண்டுவதற்குள் பாலை அடுப்பில் வைத்துவிடுவேன்.

அவளிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. பேட்டரி கெட்டுவிட்டதா என்று கேட்டாள். மீட்டரை வைத்து அவள் கண் முன்னாலேயே பார்த்து, நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. மோட்டார்? அதுவும் நன்றாக இருந்தது. பெட்டி? ஆறு வாசலும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்றேன். செய்தன. பிறகு என்ன பாக்கி இருக்கிறது? அவள் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டாள்.

“நான்தான் குண்டாயிட்டேனா?” என்றாள்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. உட்கார்ந்தே இருக்கிற வேலை, எல்லாருக்கும் கொஞ்சம் சதை போடும் என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். பிறகு காலையில் பாதி. நான் சாப்பிடாதே என்று எப்போதும் சொன்னதில்லை. அவள் விருப்பம் என்று எண்ணெயை மட்டும் குறைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர்தான், “என்ன இது, நாளைக்கு காத்தடிச்சா புடிச்சு வெக்க ஆள் தேடணும் போலிருக்கே” என்று கேலி செய்துகொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அவரும் கேலியை விட்டுவிட்டார். டாக்டர் வீட்டில் ஒரு நாள் மேஜை மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாள். வெயில் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் இரண்டு நாள் லீவு போட்டு அவளைப் பார்த்துக்கொண்டேன். சிறு வயதில் தூக்கியது போலவே தூக்கிக் கட்டிலில் விட்டேன். எவ்வளவு லேசாக இருந்தாள் தெரியுமா? என் தோளுக்கு அது தெரியவேயில்லை.

ஆனால் அதில் ஒரு சிக்கல் வந்தது. நீங்கள் இன்ஜினியர், ஏற்கெனவே யோசித்திருப்பீர்கள். அவள் இளைக்க இளைக்க, அதே பேட்டரிக்குக் கொஞ்சம் தூரம் கூடிவிட்டது. ஒரு நாள் ஏற்றத்தில் பாதி வரை போய்விட்டாள். வீட்டுக்கு வந்து எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். “பலன் தெரியுதுக்கா. இன்னும் கொஞ்சம் குறைச்சா தாண்டிருவேன்.” அவளைக் கட்டிக்கொண்டு முதுகைத் தட்டிக் கொடுத்தேன். எலும்பு கையில் தட்டுப்பட்டது.

அந்த வாரமே எண்ணைச் சரி செய்தேன்.

என்ன, காபி ஆறுகிறதே, குடியுங்கள். ஆமாம், அந்த எண்தான். நீங்கள் பெட்டிக்குள் பார்த்தது. அதுதான் கடைசியாக எழுதியது.

குரல் தேர்வு அன்று நாற்காலியைத் துடைத்து, அவளுக்கு நீல உடுப்பை இஸ்திரி போட்டுக் கொடுத்து அனுப்பியது நான்தான். வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். தினமும் தானே போய்வர முடியும் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும், முதல் நாளே மெத்தை மேல் போய் இறங்கினால் யார் நம்புவார்கள் என்றாள். ஐந்து கோடும் எரிந்தது. ஹெட்போன் பாலத்துக்கு அந்தப் பக்கம் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

நானும் வண்டியை வாங்கிக்கொண்டு போனேன். எனக்கும் ஓட்டத் தெரியும். இந்தப் பக்கத்தில், மரக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அங்கிருந்து பாலம் நன்றாகத் தெரியும். அவள் ஏற்றத்தில் ஏறுவதைப் பார்த்தேன். பிறகு நின்றுவிட்டாள். போன் வந்தது. வருகிறேன் என்றேன். உடனே போயிருக்கலாம், கூப்பிடு தூரம்தான். ஆனால் போன் வைத்த கையோடு போய் நின்றால் ஒரு மாதிரி இருக்குமே என்று உட்கார்ந்திருந்தேன். வீட்டிலிருந்து வருகிற அளவு நேரம் ஆகட்டும் என்று. ஃப்ளாஸ்கைத் திறந்து கொஞ்சம் குடித்தேன்.

ஆற்றுக் காற்றில் அவள் துப்பட்டா பறந்துகொண்டிருந்தது. சைக்கிள்காரர்கள் மணி அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். ஒருவர் நின்று, தள்ளட்டுமா என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. அவள் தலையை ஆட்டினாள். அந்த நாற்காலி தள்ளுகிற எடையா? பின்பு அவள் கண்ணை மூடிக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு அசைவது தெரிந்தது. தேர்வுக்குப் படித்து வைத்திருந்த கதையாக இருக்க வேண்டும். முழுவதையும் சொன்னாள் என்று நினைக்கிறேன், கைகளைக்கூட ஆட்டி ஆட்டி. அவ்வளவு அழகாக இருந்தது. அதைப் பார்த்த ஒரே ஆள் நான் என்பது இன்றைக்கும் எனக்குப் பெருமை.

அந்தப் பக்கத்திலிருந்து ஹெட்போன் ஓடி வருவதைப் பார்த்ததும் நானும் இறங்கிப் போனேன். தேர்வு நேரம் தாண்டிவிட்டது. வேறு நாள் கேட்டு வாங்கலாம் என்று அவர் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பி, “வீட்டுக்குப் போலாம்கா. எனக்கு இவ்ளோ தூரம் ஆகாது” என்றாள். வண்டியில் மெத்தைகள் இருந்தும் அன்று அவள் சாயவில்லை, நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஹெட்போன்தான் விடாப்பிடியாக உங்கள் மையத்துக்குப் போய், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் ஒரு சார்ஜரை இரவல் வாங்கி வந்தார். டாக்டர் வீட்டில் செருகி வைத்திருக்கிறார்கள். ஐந்து கோடும் எரிந்த பிறகும் அது நிற்காமல் நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. கெட்டுப் போன சார்ஜரோ என்று முதலில் பயந்தார்களாம். மறுநாள் அவள் பாலத்தைத் தாண்டினாள். திரும்பி வந்தாள். அப்போதும் மூன்று கோடு மிச்சம் இருந்தது. வீட்டுக்கு வந்து இதை எங்கள் இருவரிடமும் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. “ஆறுமுகத்துக்குத்தான் உடம்பு சரியில்ல போல, பாவம். டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேன்” என்று பெட்டியை மடியில் வைத்து உங்களிடம் எடுத்து வந்தாள். பெட்டியை நான் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே வேலைப்பாடு அவ்வளவு சுத்தமாக இருக்கும், தெரிந்த ஒருவர் பார்க்கட்டுமே என்று ஒரு ஆசை இருந்திருக்கலாம்.

நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. வந்தாள். நான் அடுப்பருகே நின்றுகொண்டிருந்தேன். வாசற்படிக்கு அந்தப் பக்கமே நாற்காலியை நிறுத்திவிட்டாள்.

“அக்கா, பெட்டி தானா கெட்டுச்சா, நீ மாத்தினியா?”

“மாத்தினேன்.”

“எப்பலேர்ந்து?”

“மழையில நனைஞ்சு வந்தியே, அதுக்கு அடுத்த நாள்லேர்ந்து.”

கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. சின்ன வயதில் வாய்ப்பாடு சொல்லும்போதும் இப்படித்தான், கண் ஒரே இடத்தில் நிற்கும்.

“நான் சாப்பிடாம கெடந்தேனே. அப்பவும் உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

அவ்வளவுதான் கேட்டாள். கத்தவில்லை, அழவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. உள்ளே வந்து மேஜை முன்னால் நாற்காலியை நிறுத்தி, தட்டு எடு என்றாள். போட்டேன். சாப்பிட்டாள். இன்னும் போடு என்றாள். போட்டேன். மாதக்கணக்கில் அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு நிறைய அவளுக்குப் போட்டதில் எனக்கு அவ்வளவு திருப்தி. பாத்திரத்தில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

மறுநாள் காலையில் கிளம்பிவிட்டாள். ஒரு பை, அந்த இரவல் சார்ஜர், அவ்வளவுதான். பதிவுக் கூடத்துக்குப் பக்கத்தில் பெண்கள் தங்குகிற இடம் ஒன்று இருக்கிறதாம், கீழ்த்தளத்தில் அறை. வேலையும் கிடைத்துவிட்டது என்று மாடி வீட்டு டீச்சர் சொன்னார். கிடைக்காமல் எங்கே போகும்? அந்தக் குரலை வளர்த்தது யார்? என் வீட்டுக்காரர் ஞாயிறு தோறும் அவளைப் பார்க்கப் போகிறார். என்னோடு பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கிறார். அது சரியாகிவிடும்.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியைச் செய்ததும் நான்தான், எண்ணைக் குறைத்ததும் நான்தான், கோடுகளை மாற்றியதும் நான்தான். ஒவ்வொரு முறையும் என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன். அவள் எங்கே நிற்பாள் என்றும் தெரியும். என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அவளைத் துன்பப்படுத்த நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. அவள் விழுந்தால் பிடித்துக்கொள்ள இருந்தேன். ஒவ்வொரு முறையும் இருந்தேனே. அப்படி ஒருவர் இருப்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பெட்டியை நீங்கள் எடுத்துப்போகலாம். எண்ணை மேலே ஏற்றிவிட்டால் முதல் நாள் போலவே வேலை செய்யும், அதில் எந்தப் பழுதும் இல்லை. முடிந்தால் அவளிடமே கொடுத்துவிடுங்கள். அந்தச் செங்கல்லை எவ்வளவு நாள் தூக்கிக்கொண்டு திரிவாள்?

நேற்று பாத்திரம் கழுவும்போது எனக்கு ஒன்று தோன்றியது, அதிலிருந்து மனது லேசாக இருக்கிறது. முழுவதும் நிரப்பினால் பாலத்தைத் தாண்டிப் போவதற்கு மட்டும் இல்லை, திரும்பி வருவதற்கும் அந்தப் பேட்டரி போதும். நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இத்தனை நாள் அவளுக்கு அந்த வசதி இல்லை, இப்போது இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் கிளம்பி, யார் உதவியும் இல்லாமல், நேராக இந்த வாசலுக்கு வந்துவிடலாம். போய் இவ்வளவு நாள் ஆகியும் வரவில்லை என்றால், அதை அவள் இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.